தீவகம் என்ன, தண்டனைக் கூடமா?

"நெடுந்தீவுக்கு மாற்றிவிடுவேன்!" அதிகாரச் செருக்குற்ற மேலதிகாரிகள் சிலர் தம்கீழ் வேலை செய்வோரை அடக்குவதற்குக் கையாளும் ஆயுதம் இது.

இவ்வொரு வசனம் இரு தரப்பாரை இழிவுபடுத்துகின்றது. அதைக் கேட்டு நடுங்கும் உத்தியோகத்தர் ஒரு தரப்பு. ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் வாழும் நம் மக்கள் மறு தரப்பு. அவர்கள் பிறந்த மண் சிறைக்கூடம் என்று சொல்லாமற் சொல்லப்படுகின்றது.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். கடல் கொந்தளித்தால் போக்குவரத்தே தடைப்படும். இச்சிரமத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால், சிரமத்தைத் தண்டனையாக்கும் உரிமையை இவர்களுக்கு யார் தந்தது? தண்டிக்கப்பட்டு வந்த ஆசிரியரிடம் தீவுப் பிள்ளை எதைக் கற்கும்? மனமுடைந்து வந்த உத்தியோகத்தரிடம் கமக்காரன் என்ன உதவி பெறுவான்? மேலே ஓங்கிய கை படிப்படியாக இறங்கி, ஈற்றில் விழுவது குடிமக்கள் முதுகிலன்றோ!

கண்டிப்பில்லாவிடில் கருமம் நடக்குமா என்று கேட்போர் உளர். கண்டிப்பு வேறு, கொடுமை வேறு. பிழையைச் சுட்டித் திருத்துவது கண்டிப்பு. பலர் முன்னிலையில் அவமதிப்பதும், வேலையைப் பறித்து மூலையில் இருத்துவதும், சிற்றூழியரை வீட்டு வேலைக்கு ஏவுவதும் கொடுமை. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் 1832இல் ஒழிக்கப்பட்டதென இவர்களுக்கு யாரேனும் அறிவித்தல் நன்று!

தற்பெருமை, சூழ்ச்சி, இரக்கமின்மை ஆகிய மூன்றையும் தீக்குணங்களின் முக்கூட்டாக 2002இல் போல்ஹஸ், வில்லியம்ஸ் என்னும் உளவியலாளர் எடுத்துக்காட்டினர். இக்குணங்கள் எவ்வினத்திலும் உண்டு. தமிழ் அதிகாரிகள் விலக்கல்லர். ஆயின், குணம் வெறும் விதையே. கேள்வி கேட்பாரற்ற அதிகாரமே அதற்கு நீரும் பசளையும். மேலே கைகட்டி நிற்பவனே கீழே கை ஓங்குகின்றான்.

சுவீடன் 1993இலேயே தொழிலிடத் துன்புறுத்தலுக்கு எதிராக விதி செய்தது. சர்வதேச தொழில் தாபனம் 2019இல் 190ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. இலங்கையிலோ, பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களுக்கே உரியது. மாணவனுக்குக் கிடைத்த அந்தக் காப்பு, அவன் உத்தியோகத்தன் ஆனதும் எங்கே போயிற்று?

ஆகவே நாம் கோருவது இது: தீவகச் சேவை எல்லார்க்கும் முறைப்படி வரவேண்டும். மாற்றத்தின் காரணம் எழுத்தில் தரப்படவேண்டும். தவணை முடிந்ததும் தாமதமின்றி விடுவிக்கவேண்டும். அங்கு செல்வோர்க்குத் தகுந்த தங்குமிடம் அமைக்கவேண்டும்.

பாதிக்கப்பட்டோர் வாய்மூடி இருத்தலும் தகாது. நாளையும் சொல்லையும் சாட்சியையும் குறித்து வையுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் அலுவலகம் உண்டு. அரச நிர்வாகத்தால் அடிப்படை உரிமை மீறப்பட்டால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அதற்குரிய தவணை ஒரு மாதமே என்பதை மறவற்க.

தமிழனுக்கு நீதி வேண்டுமென மேடைதோறும் முழங்கும் நாம், கந்தோருக்குள் தமிழனைத் தமிழன் மிதிப்பதைக் கண்டும் காணாதிருத்தல் அறமாகுமா? தீவக மக்கள் கேட்பது திறமையும் மனநிறைவும் உள்ள சேவையாளரை. அவர்களை அனுப்பிவைப்பதே ஆட்சியாளரின் கடன்!