பத்து மாத அட்வான்ஸ் முடிவுக்கு வரட்டும்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் சென்னையில் வீடு தேடும் படலம் தொடங்கிவிடும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் குடிபோயாக வேண்டும். தவறினால் ஆடி வந்துவிடும். ஆடியில் பால் காய்ச்ச யாரும் துணிய மாட்டார்கள். அதனால் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் பெரும்பாலானவை ஏப்ரல், மே என்ற இரண்டே மாதங்களில் ஒரே நேரத்தில் தெருத்தெருவாக அலைகின்றன. வீட்டுக்காரர்களுக்கும் தரகர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். வாடகை ஏறுவதும், கேள்விகள் கூடுவதும், “இன்னிக்கே டோக்கன் அட்வான்ஸ் போட்டுடுங்க சார், நாளைக்கு வீடு இருக்காது” என்ற நெருக்கடியும் இந்த மாதங்களில்தான்.

இந்த அவசரத்தில் எடுக்கப்படும் முடிவு சின்ன விஷயமல்ல. பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும், நடந்து போகுமா அல்லது காலை ஆறரை மணிக்கே வேன் ஏறுமா, நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வரும் பாட்டி மாடிப்படி ஏற வேண்டுமா என்பதெல்லாம் குடியிருக்கும் ஏரியாவைப் பொறுத்தே அமைகின்றன. ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைவான குடும்பங்களுக்கோ இது இன்னும் கறாரான கணக்கு. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பிக்க, பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வீடு இருக்க வேண்டும். தெரு மாறினால் பள்ளியும் கைவிட்டுப் போகலாம்.

குடும்பம் வளர வளர வீடு மாறுவது இயல்பு. ஒற்றைப் படுக்கையறையில் தொடங்கிய இல்லறம் இரண்டாவது குழந்தை பிறந்ததும் அங்கே அடங்காது. ஆனால் எங்கே மாறுவது என்பதை அந்தக் குடும்பத்தின் தேவை தீர்மானிப்பதில்லை. மொத்தமாகப் புரட்ட முடிகிற அட்வான்ஸ் தொகைதான் தீர்மானிக்கிறது. இந்த வழக்கத்துக்கு முடிவு கட்டும் சட்டத்தைத் தமிழக அரசு பாதிவழி வரை கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. மீதி வழியையும் அது கடந்தாக வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். மாதம் 45,000 ரூபாய் சம்பளத்தில், 12,000 ரூபாய் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கு அருகே இரண்டு படுக்கையறை வீடு 18,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாதம் 6,000 ரூபாய் கூடுதல் என்பது கஷ்டம்தான். ஆனாலும் வேன் கட்டணம் மிச்சமாகும் என்பதால் சமாளித்துவிடலாம். தடுக்கி விழும் இடம் வேறு. பத்து மாத அட்வான்ஸ் 1,80,000, தரகருக்கு ஒரு மாத வாடகை 18,000, முதல் மாத வாடகை 18,000 என மொத்தம் 2,16,000 ரூபாய் வேண்டும். சாமான் ஏற்றும் வண்டிக்கூலி தனி. ஏறக்குறைய ஐந்து மாதச் சம்பளத்தை ஒரே வாரத்தில் எண்ணி வைத்தாக வேண்டும்.

பழைய வீட்டில் கொடுத்த 1,20,000 இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் கையில் இல்லை. சாவியைக் கொடுத்த பிறகுதான் பேச்சே தொடங்கும். “அடுத்த குடித்தனம் வந்ததும் தர்றேன்” என்பது வழக்கமான பதில். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை, உடைந்த குழாய்க்கு இவ்வளவு, ஆணி அடித்த சுவருக்கு இவ்வளவு என்று கழித்தது போக மிஞ்சியதே திரும்பும். இடைப்பட்ட காலத்தில் புதிய அட்வான்ஸைப் புரட்டத் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது, அல்லது வட்டிக்குக் கடன் வாங்கப்படுகிறது. இரண்டுக்கும் வழியில்லாத குடும்பம் பிள்ளைக்குப் பொருந்தாத பழைய ஏரியாவிலேயே தங்கிவிடுகிறது. இல்லையென்றால் அட்வான்ஸ் குறைவாகக் கேட்கும் புறநகருக்குப் போய், மிச்சம் பிடித்த வாடகையை வேனுக்கும் பெட்ரோலுக்கும் லாரித் தண்ணீருக்கும் கொட்டிக் கொடுக்கிறது.

இத்தனைக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2017-இல் தமிழகம் இயற்றிய வாடகை ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டவிரோதம் என்று அதன் 11-ஆவது பிரிவு சொல்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அதே பிரிவு, இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர என்ற விலக்கோடுதான் தொடங்குகிறது. வீடு தேவைப்படுகிறவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்? ஒரு கையெழுத்தில் மூன்று மாதம் பத்து மாதமாகிவிடுகிறது. ஒன்றிய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகையே உச்சவரம்பு என்கிறது. நம் சட்டத்தின் மூன்று மாத வரம்போ ஏட்டளவில் நிற்கிறது.

வீட்டுக்காரர்கள் தரப்பையும் கேட்டாக வேண்டும். சென்னையில் வாடகைக்கு விடுகிற எல்லோரும் செல்வந்தர்கள் அல்லர். ஓய்வுபெற்ற பணத்தில் மாடி கட்டி, அந்த ஒரு போர்ஷன் வாடகையில் மருந்து வாங்குகிற முதியவர்கள் ஏராளம். வாடகை பாக்கி வைத்துவிட்டு, காலி செய்யவும் மறுக்கிற குடித்தனக்காரரிடம் மாட்டிக்கொண்டவர்களின் கதைகளும் உண்மையே. பழைய சட்டத்தின் கீழ் அப்படிப்பட்டவரை வெளியேற்ற நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. பாக்கியைக் கழித்துக்கொள்ளக் கையில் ஒரு பெரிய தொகை இருக்கட்டும் என்று அவர்கள் நினைத்ததில் நியாயம் இருந்தது.

அந்த நியாயம் பழைய சட்டத்தோடு போய்விட்டது. புதிய சட்டம் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யச் சொல்கிறது. வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், தீர்ப்பாயம் என்று தனி அமைப்பையே ஏற்படுத்தியிருக்கிறது. வாடகையை அரசு நிர்ணயிக்கும் முறையைக் கைவிட்டு, இருதரப்பும் பேசி முடிப்பதற்கு விட்டுவிட்டது. வாடகை தராதவரிடமிருந்து வீட்டை மீட்கவும் வழி சொல்கிறது. உரிமையாளர் கேட்ட பாதுகாப்பைச் சட்டம் கொடுத்த பிறகும், அந்தப் பாதுகாப்பு இல்லாத காலத்தில் வசூலித்த தொகையை வசூலித்துக்கொண்டே இருப்பது முறையல்ல. வட்டியில்லாமல் உரிமையாளரிடம் கிடக்கும் பல மாத வாடகை, குடித்தனக்காரர் கொடுக்கிற இலவசக் கடன். வாடகை நீதிமன்றங்கள் மெதுவாக நகர்கின்றன என்று உரிமையாளர்கள் குறைப்பட்டால், அவற்றை வேகப்படுத்தச் சொல்லி அரசிடம் சேர்ந்து கேட்போம். அந்தத் தாமதத்துக்கான விலையைப் பிள்ளைகுட்டிக்காரர்கள் தலையில் கட்டக் கூடாது.

பணம் புரண்டாலும் கதவு திறந்துவிடுவதில்லை. தொலைபேசியில் தரகர் கேட்கும் கேள்விகளின் வரிசை வீடு தேடிய எவருக்கும் மனப்பாடம். “எத்தனை பேர்? குழந்தைங்க எத்தனை? வயசானவங்க இருக்காங்களா? வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?” கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, “தப்பா நினைக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?” இரண்டு குழந்தைகள் என்றாலே தண்ணீர்ச் செலவு, சுவர்க் கிறுக்கல், மாடியில் ஓடும் சத்தம் என்று மறுக்கும் வீடுகள் உண்டு. “சைவம் மட்டும்” என்ற பலகைக்குப் பின்னால் சமையலைவிடச் சாதியும் மதமும் ஒளிந்திருப்பது ஊரறிந்த ரகசியம். இஸ்லாமியர்களும் பட்டியல் சாதியினரும் எத்தனை மாத அட்வான்ஸ் கொடுத்தாலும் நுழைய முடியாத தெருக்கள் இந்த மாநகரத்தின் நடுவிலேயே இருக்கின்றன. சாதி, மதம், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்லி வீடு மறுப்பதைத் தடுக்கும் தெளிவான பிரிவு 2017 சட்டத்தில் இல்லை. சமூகநீதி பேசும் மாநிலத்துக்கு இது இழுக்கு.

அடுத்தது, தகவல். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் தரைத்தளங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆனால் மே மாதம் வீடு பார்க்க வருகிறவருக்கு வெள்ளம் நின்ற உயரம் தெரியாது. அந்தக் கோட்டின் மேல் புதுப் பெயின்ட் ஏறியிருக்கும். நிலத்தடி நீர் உப்பா, கோடையில் லாரிக்கு மாதம் எவ்வளவு, குடிநீர் வாரியக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் என்று கேட்டால், “தண்ணிப் பிரச்சனையே கிடையாது சார்” என்ற ஒரே பதில்தான் எல்லா ஏரியாவிலும். செம்பரம்பாக்கமும் புழலும் வறண்ட 2019 கோடையில் அந்தப் பதிலை நம்பி ஏமாந்தவர்கள் குடத்தோடு தெருவில் நின்றார்கள். மின்சாரமும் அப்படித்தான். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் உள்ள சலுகை. உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீடுகளில் அது குடித்தனக்காரரின் கணக்குக்கு வந்து சேர்வதில்லை.

பதினோரு மாத ஒப்பந்தமும் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு எதிரானதே. ஓராண்டைத் தாண்டும் குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அந்தச் செலவைத் தவிர்க்கவே பதினோரு மாதக் கணக்கு வழக்கத்துக்கு வந்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஐந்து முறை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வாடகை உயர்வு, ஒவ்வொரு முறையும் “இல்லேன்னா காலி பண்ணிடுங்க” என்ற பேச்சு. இந்த நிலையில் எந்தப் பெற்றோர் ஒரு பள்ளியை நம்பி ஓர் ஏரியாவில் வேரூன்ற முடியும்?

அரசு செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவதாக, 11-ஆவது பிரிவில் உள்ள விலக்கை நீக்கி, குடியிருப்புகளுக்கு மூன்று மாத வாடகையே மாற்ற முடியாத உச்சவரம்பு என்று திருத்தம் கொண்டுவர வேண்டும். மேலே சொன்ன குடும்பத்தின் கணக்கு அப்போது 2,16,000-இலிருந்து 90,000 ஆக இறங்கும். ஒப்பந்தப் பதிவுக்கான அரசு இணையதளமே, அதற்கு மேற்பட்ட தொகையைக் காட்டும் ஒப்பந்தத்தை ஏற்க மறுக்கட்டும். ஒப்பந்தத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்ற தந்திரத்தைத் தடுக்க, முன்பணம் வங்கி வழியாகவே தரப்பட வேண்டும். இரண்டாவதாக, மூன்றாண்டு வரையிலான குடியிருப்பு ஒப்பந்தங்களுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பெயரளவுக்கே இருக்க வேண்டும். மூன்றாவதாக, சாதி, மதம், பிள்ளைகள் காரணமாக வீடு மறுப்பதும் அப்படி விளம்பரம் செய்வதும் தண்டனைக்குரியவை ஆக வேண்டும்.

நான்காவதாக, மாநகராட்சியிடமும் குடிநீர் வாரியத்திடமும் உள்ள விவரங்கள் பொதுமக்கள் கைக்கு வர வேண்டும். எந்தத் தெருவில் 2015-இலும் 2023-இலும் எவ்வளவு தண்ணீர் நின்றது, குழாய்நீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, அருகிலுள்ள அரசுப் பள்ளி, அங்கன்வாடி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், பூங்கா எவ்வளவு தூரம் என்பதைத் தெரு வாரியாக, தமிழில், கைபேசியில் பார்க்கும்படி வெளியிட வேண்டும். இவற்றைச் செய்தால் வாடகை உயர்ந்துவிடும் என்று சிலர் எச்சரிக்கக்கூடும். ஓரளவு உயரலாம். மாதாமாதம் சம்பளத்திலிருந்து கொடுக்கிற சில நூறு ரூபாயை ஒரு குடும்பம் சமாளிக்கும். ஒரே நாளில் கேட்கிற இரண்டு லட்சத்தைத்தான் அதனால் சமாளிக்க முடியவில்லை.

சட்டம் திருந்தும் வரை காத்திருக்க முடியாத குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டைப் பார்ப்பதற்கு முன் தெருவைப் பாருங்கள். பள்ளி விடும் நேரத்தில் அந்த வழியைப் பிள்ளையோடு ஒருமுறை நடந்து பாருங்கள். வெள்ளத்தையும் தண்ணீரையும் பற்றித் தரகரிடம் கேட்காதீர்கள். எதிர்வீட்டில் இருப்பவரிடமும் முனையில் உள்ள இஸ்திரிக்காரரிடமும் கேளுங்கள். கொடுக்கும் பணத்துக்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் காலி செய்ய வைப்பதைச் சட்டம் தடுக்கிறது. அப்படி நடந்தால் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுங்கள்.

ஆனால் குடும்பங்களின் சாமர்த்தியத்தை நம்பி அரசு ஒதுங்கி நிற்க முடியாது. அடுத்த ஏப்ரலில் வீடு தேடும் படலம் மறுபடி தொடங்கும். அதற்கு முன்பே 11-ஆவது பிரிவுக்கான திருத்த மசோதா சட்டமன்றத்துக்கு வர வேண்டும்.