புளூம்பெர்க் தோற்றார், சரி

"2020இல் அதிபர் வேட்பாளராக முயன்ற கோடீஸ்வரர் புளூம்பெர்க் நூறு கோடி டாலர் கொட்டியும் அமெரிக்க சமோவாவில் மட்டுமே வென்றார், பணத்தால் தேர்தலை வாங்க முடியாது" என்கிறார்கள். இது அரை உண்மை. ஊரெல்லாம் பேசும் அதிபர் போட்டியில் விளம்பரத்தின் பிடி தளரும். செனட் தேர்தல்களுக்கு வாருங்கள். 2024இல் கலிபோர்னியாவில் செனட் இடம் கேட்ட கேட்டி போர்ட்டரை எதிர்த்து, கிரிப்டோ நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் ஃபேர்ஷேக் என்ற அரசியல் குழு சுமார் 1 கோடி டாலர் செலவழித்தது. அந்த விளம்பரங்களில் கிரிப்டோ என்ற பேச்சே இல்லை. அவருடைய நேர்மையைத்தான் தாக்கின. அவர் தோற்றதற்கு அது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. அதே ஆண்டு ஒஹையோவில் செனட் உறுப்பினராக இருந்த ஷெரட் பிரவுனுக்கு எதிராக இறங்கிய கிரிப்டோ பணமோ சுமார் 4 கோடி டாலர். நிறுவனங்கள் தேர்தலில் வரம்பின்றிச் செலவிடலாம் என்ற 2010இன் சிட்டிசன்ஸ் யுனைட்டெட் தீர்ப்பு திறந்துவிட்ட வழி இது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மற்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள், கிரிப்டோ மசோதா வரும்போது யாரை நினைத்து வாக்களிப்பார்கள்?