புலுனியும் கரிக்குருவியும் கூடித் திரியும் காடு



காலையில் முற்றம் கூட்டும்போது வேலியோரம் சருகைக் கிளறும் புலுனிக் கூட்டத்தை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். அவற்றுள் ஒன்று மட்டும் சில வேளை இரை தேடாமல், கிளையில் இருந்து சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருக்கும். பூனையோ பருந்தோ தென்பட்டால் அது கத்தும். மற்றவை உடனே பறந்துவிடும்.

இந்தப் புலுனிக்குச் சிங்கராஜ மழைக்காட்டில் ஓர் உறவு இருக்கிறது. செம்மஞ்சள் அலகும் கால்களும் கொண்ட அந்தப் புலுனி, தன் இனத்தோடு மட்டுமல்லாமல் வேறு பல இனப் பறவைகளோடும் சேர்ந்து திரிகிறது. இம்மாதம் அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பார்ப்போம்.

இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களில் பரந்திருக்கும் சிங்கராஜ வனத்தை யுனெஸ்கோ 1988 இல் உலக மரபுரிமையாக அறிவித்தது. உலகில் இலங்கையில் மட்டுமே வாழும் பறவை இனங்கள் 30 இற்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவற்றை இந்தக் காட்டில் காணலாம். ஆனால் முதன்முதலாகப் போகிறவர்கள் ஏமாந்துபோவதும் உண்டு. அரை மணித்தியாலம் நடந்தாலும் ஒரு குருவியும் கண்ணில் படாது; காலில் அட்டை ஏறுவதுதான் மிச்சம். பிறகு திடீரென எங்கிருந்தோ கீச்சொலி கேட்கும். சில நிமிடங்களில் சுற்றியுள்ள மரமெல்லாம் பறவைகளாக இருக்கும்.

இந்தக் கலப்புக் கூட்டங்களைப் பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவருடைய குழுவினரும் 1981 முதல் அவதானித்து வந்துள்ளனர். சராசரியாக ஒரு கூட்டத்தில் 11 இனங்களும் 40 பறவைகளும் இருப்பதை அவர்கள் கண்டார்கள். நிலத்தை அண்டிச் சாம்பல் நிறத் தலையுள்ள சிரிப்பான் சருகைக் கிளறும். நடுமரத்தில் புலுனிகள் இலை இலையாகப் பூச்சி தேடும். உச்சியில் சிவந்த முகமுடைய பூங்குயில் சத்தமில்லாமல் நகரும். நீல உடலும் சிவந்த அலகும் கொண்ட இலங்கை நீல மக்பையும் சில வேளை வந்து சேரும். அதைப் பார்ப்பதற்காகவே வெளிநாடுகளிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கூட்டத்திற்கு மிக முக்கியமானவை புலுனியும், நெற்றியில் கொண்டையுள்ள இரட்டைவால் கரிக்குருவியும்தான். புலுனிகள் இலைகளைக் கலைக்கும்போது வெளிப்படும் பூச்சிகளைக் கரிக்குருவி பறந்து பிடிக்கும். அதற்கு இரை கிடைக்கிறது. கூட்டத்திற்கு ஒரு காவலும் கிடைக்கிறது. வல்லூறு வந்தால் கரிக்குருவி எச்சரிக்கை ஒலி எழுப்பும். அது மற்றப் பறவைகளின் குரலில் கூவி அவற்றைக் கூட்டத்திற்கு அழைப்பதாகவும் 2006 இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது.

புலுனிகளும் எச்சரிக்கை தருபவைதான். ஆனால் அவை சிறு அசைவுக்கும் பதறிக் கத்திவிடும். கரிக்குருவியோ உண்மையான ஆபத்து எது என்பதை அதிகம் பிரித்தறிந்து குரல் கொடுக்கும். பதறுகிற பறவையைக் கூட்டம் ஒதுக்கிவிடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு குரலையும் கேட்டு மற்றவை எச்சரிக்கையாகின்றன. எம்மிலும் பட்டாசுச் சத்தத்திற்கு இன்றும் திடுக்கிடுகிறவர்கள் இருக்கிறோம். அது எமது குற்றமல்ல.

தனியாகத் திரியும் பறவை ஒரு கொத்துக் கொத்தினால் ஒருமுறை தலை நிமிர்ந்து பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தால் வயிறு நிறையாது. பார்க்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. கூட்டத்தில் இருக்கும்போது இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் அது கொஞ்சம் நிம்மதியாக உண்ணலாம். பிள்ளையை அயல்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிற எமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்தக் காடும் அழிவைக் கண்டதுதான். 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இங்கே இயந்திரங்களைக் கொண்டு மரம் தறித்தார்கள். மக்களின் எதிர்ப்பால் 1977 இல் அது நிறுத்தப்பட்டது. இன்று குடாவப் பக்கத்தால் போகிறவர்கள் நடக்கும் பாதை, அன்று மரம் ஏற்றிய லொறிகள் ஓடிய பாதையாகும். தறித்த இடங்கள் இன்னும் பழைய காடு போல ஆகிவிடவில்லை. ஆனாலும் மரங்கள் எழும்பியிருக்கின்றன; பறவைக் கூட்டங்களும் அங்கே இரை தேடுகின்றன.

சிங்கராஜ எம்மில் பலருக்குத் தூரம். பரவாயில்லை, முற்றத்திலிருந்தே தொடங்கலாம். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். காலையில் பத்து நிமிடம் ஓரிடத்தில் அசையாமல் இருங்கள். எந்தப் பறவை வந்தது, யாரோடு வந்தது, எது காவல் இருந்தது என்று திகதியோடு எழுதுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்துங்கள். ஆனால் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள்ளோ பற்றைக்குள்ளோ எந்தப் பறவைக்காகவும் கால் வைக்க வேண்டாம். பறவை எப்படியும் வேலிக்கு வரும்.

நாளைக் காலை உங்கள் வீட்டுப் புலுனிகளில் எது காவல் இருக்கிறது என்று பாருங்கள். சற்று நேரம் பொறுத்திருந்தால் அது கீழே இறங்க, இன்னொன்று மேலே ஏறுவதையும் காணலாம்.