பாட்டு உலகத்துக்கு, பேரு யாருக்கு?

போன மாசம் எங்க டிபார்ட்மெண்ட் டூர். செங்கம் ரோடு தாண்டுறதுக்குள்ளேயே பஸ்ஸில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ போட்டாச்சு. அதுவும் ஒரிஜினல் இல்லை, டிஜே ஸ்நேக் பண்ணின ரீமிக்ஸ். மொத்த பஸ்ஸும் எழுந்து ஆடிச்சு. நானும்தான். பாட்டு முடிந்ததும் பக்கத்து சீட் நண்பன், "தீ பாட்டு செம மாப்ள" என்றான். "அறிவு பாட்டுடா" என்றேன். "யாரு, நடுவுல ராப் பண்ணுவாரே, அவரா?" என்றான்.

இந்த "நடுவுல ராப் பண்றவர்" என்ற நினைப்போடதான் எனக்குச் சண்டை. நண்பனோட இல்லை.

2021 மார்ச்சில் வந்த பாட்டு அது. வரிகள் அறிவு எழுதியது. அரக்கோணத்துக்காரர், நம்ம பழைய வட ஆற்காடு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பி வந்த அவரோட பாட்டி வள்ளியம்மாள் கதைதான் அந்தப் பாட்டுக்கு வேர். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. அந்த மக்களிடம் "உனக்கு எந்த ஊர்?" என்று யாரும் கேட்கவில்லை. காடு திருத்தினவனுக்கு நிலம் இல்லை என்ற வலிதான் நாம் குதித்துக் குதித்து ஆடும் அந்தப் பாட்டு.

சரி, பிறகு என்ன நடந்தது? 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் இரண்டு பேர் படம். தீ, ஷான் வின்சென்ட் டி பால். பேசப்பட்ட பாட்டுகள் ‘எஞ்சாய் எஞ்சாமி’யும் ‘நீயே ஒளி’யும். இரண்டுக்கும் வரி எழுதியவர் அறிவு. அட்டையில் அவர் மட்டும் இல்லை! ரீமிக்ஸுக்காக டைம்ஸ் சதுக்கத்தில் வைத்த ஸ்பாட்டிஃபை விளம்பரத்திலும் டிஜே ஸ்நேக்கும் தீயும்தான். பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. கேட்டு வாங்கின மரியாதை. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் பாட்டு மேடை ஏறியது, அறிவு இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று சந்தோஷ் நாராயணன் விளக்கம் சொன்னார். நியாயமான விளக்கமாகவே இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் விடுபட்டால் அதைத் தற்செயல் என்று எத்தனை தடவை நம்புவது?

"டான்ஸ் பாட்டுக்கு வரி எதுக்கு? பீட்டுதான் முக்கியம்" என்பார்கள். அப்படியா? 1990க்குப் போவோம். ‘எவ்ரிபடி டான்ஸ் நவ்’ தெரியாதவர் உண்டா? அதில் அந்தக் கட்டையான குரல் மார்த்தா வாஷ் என்ற பாடகியுடையது. வீடியோவில் வாயசைத்தது வேறு ஒரு பெண். ராப்பர் ஃப்ரீடம் வில்லியம்ஸ் முகம் தாராளமாகத் தெரியும். மார்த்தா வாஷ் கோர்ட்டுக்குப் போய்த்தான் தன் பேரை மீட்டார். அங்கே ராப்பர் முன்னால், பாடகி மறைவில். இங்கே பாடகி முன்னால், ராப்பர் மறைவில். ஆக, பிரச்னை ராப்பா பாட்டா என்பது இல்லை. எந்த முகம் விற்கும் என்று யாரோ ஒருத்தர் முடிவு செய்கிறார், மீதிப் பேர் வெறும் சத்தமாகி விடுகிறார்கள். அங்கே அந்த முடிவு உடம்பின் பருமனைப் பார்த்து வந்தது. இங்கே எதைப் பார்த்து வந்தது என்று நான் சொல்லித்தான் தெரியணுமா?

தீ மேல எனக்குக் கோபம் இல்லை. அந்தக் குரல் இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை. சந்தோஷ் நாராயணன் இசை இல்லாமலும் இல்லை. பாட்டு மூலம் தங்கள் மூணு பேருக்குமே ஒரு பைசா வரவில்லை என்று 2024 மார்ச்சில் அவரே சொன்னார். காசு கதை அது தனி. நான் கேட்பது பேரை மட்டும்.

நம்ம ஊர் ராஜகோபுரம் 217 அடி, 11 நிலை. யார் கட்டினது என்று எந்த கைடைக் கேட்டாலும் "கிருஷ்ணதேவராயர்" என்பார். உளி பிடித்தவன் பேரு? பக்கத்துக் கிராமத்தில் சாவு வீட்டுக்கு ஒப்பாரி வைக்க வரும் பாட்டி பேரு? பறை அடிக்கிற அண்ணன் பேரு? அவங்க பாட்டு வேணும், அவங்க பேரு வேணாம். இந்தப் பழக்கம் ரோலிங் ஸ்டோன் கண்டுபிடித்தது இல்லை மக்கா, நம்ம தெருவிலேயே இருக்கிறது. அட்டையைத் திட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது.

ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த ஒருத்தர் அதையே உலகத்தை ஆட வைக்கிற பாட்டாக்கினார். 2024ல் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று ஆல்பத்துக்கே தன் பாட்டி பேரை வைத்தார். ஏன் வைத்தார் என்று இப்போ புரிகிறதா? யாரும் கேட்காத பேரை எல்லாரும் சொல்லியே ஆகணும்னுதான்.

அடுத்த கல்ச்சுரல்ஸில் இந்தப் பாட்டுக்கு ஆடப்போகும் ஜூனியர்களே, தாராளமாக ஆடுங்கள். ஆனால் மைக்கில் பாட்டை அறிவிக்கும்போது எழுதினவர் பேரையும் சொல்லுங்கள். மூணே எழுத்துதான். வாய் வலிக்காது.