முதலில் புஷ், பிறகு விளக்கு!

பழைய காரைப் புதுப்பிக்கக் கிளம்பும் கனவான்கள் முதலில் மாற்றுவது ஹெட்லைட்டைத்தான். அது ஊரார் கண்ணில் படுமல்லவா! வண்டிக்கு அடியில் வெடித்துக் கிடக்கும் ரப்பர் புஷ்ஷை யார் பார்க்கப் போகிறார்கள்?

இந்தப் பகட்டை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டையே பாருங்கள். அதன் இங்கிலாந்து உடன்பிறப்பிலிருந்துதான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. இரண்டுக்கும் ஒரே குணம்: வளைவில் வேகமாகத் திருப்பினால் பின்சக்கரம் உட்புறமாக மடங்கப் பார்க்கும். புஷ்ஷும் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற இருபது கொண்டை ஊசி வளைவுகள். அங்கே நூறு வாட் பல்பு என்ன செய்யும்? வளைவைக் காட்டாது, பள்ளத்தாக்குக்குத் தீபாராதனை செய்யும். எதிரே இறங்கி வரும் பஸ் டிரைவரின் கண்ணையும் அவித்துவிடும்.

விளக்கு மங்கினால் பல்பை மட்டும் வையாதீர்கள். கிழட்டு ஒயரையும் பாருங்கள். ஒரு ரிலே, 60/55 வாட் ஹாலஜன் பல்பு, தாழ்த்திவைத்த வெளிச்சம் போதும். மிச்சப் பணத்தைப் புஷ்ஷுக்குக் கொடுங்கள். பாதை தெரிந்தால் மட்டும் ஆயிற்றா? வண்டி அதில் நிற்க வேண்டாமா?