காசு வாங்கினது யாரு?

2024 ஜூலை 10-ந் தேதி விக்கிரவாண்டி இடைத்தேர்தல். எங்கள் காணையும் அந்தத் தொகுதிதான். மறுநாள் காலை டீக்கடையில் நின்றிருந்தேன். படித்த மனிதர் ஒருவர் சத்தமாகவே சொன்னார்: "காலனிக்காரனுங்க காசு வாங்கிக்கினு குத்திட்டானுங்க சார். இவனுங்களாலதான் நாடு கெட்டுப்போச்சு." ஊர்த்தெருவுக்குக் கவர் வரவில்லையா என்று கேட்டேன். "அது வேற" என்றார்.

எப்படி வேற? வாங்குகிறவன் மேலேயே பழியைப் போடும் இந்தப் புத்தி சீமையிலும் இருந்ததுதான். விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் ஓட்டுரிமை இருந்ததே கொஞ்சம் பேருக்கு. அவர்களும் நாலு பேர் முன்னால் வாய்விட்டு இன்னாருக்கு என்று சொல்ல வேண்டும். 1841-ல் சட்பரி என்ற சின்ன ஊரில் டைஸ் சோம்பர் என்பவர் ஜெயித்தார். நம்ம நாட்டு ஆள்தான். சர்தானா பேகம் சம்ருவின் சொத்துக்கு வாரிசு, பெரும் பணக்காரர். ஓட்டுக்கு லஞ்சம் கொடுத்ததற்காக 1842-ல் அந்தத் தேர்தல் செல்லாது என்றார்கள். 1844-ல் சட்பரியின் தொகுதியையே பிடுங்கிவிட்டார்கள். கொடுத்தவனுக்கு ஒரு பதவி போச்சு. ஊருக்கோ உறுப்பினரே இல்லாமல் போச்சு. 1852-ல் செயின்ட் ஆல்பன்ஸ் ஊருக்கும் இதே கதி.

அப்புறம்தான் அங்கே 1868-ல் தேர்தல் வழக்குகள் நீதிபதிகளிடம் போயின, 1872-ல் ரகசிய ஓட்டு வந்தது, 1883-ல் செலவுக்கு வரம்பு வந்தது. நம்முடைய 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் அந்த வழியில் வந்ததுதான். 45 நாளில் வழக்குப் போடலாம். ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறது. ராதாபுரத்தில் 2016-ல் வித்தியாசம் 49 ஓட்டு. மறு எண்ணிக்கைக்கு உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது 2019-ல். முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை போட்டது. அதற்குள் 2021 தேர்தலே வந்துவிட்டது. அம்பேத்கரே 1952-ல் பம்பாயில் தோற்று, வழக்குப் போட்டு, அதிலும் தோற்றவர்.

பணப்பட்டுவாடா என்று தேர்தலையே நிறுத்தியதும் உண்டு. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017-ல் ஆர்.கே. நகர். 2019-ல் வேலூர். நிறுத்திய வேலூரில் ஆகஸ்ட்டில் திரும்ப நடந்தபோது நின்றது அதே முக்கிய வேட்பாளர்கள்.

ஆனால் தோழர்களே, நான் பேச வந்தது வேறொன்று. ஓட்டு ரகசியமாக இருந்தால்தான் காசு வாங்கினவனும் மனசுப்படி குத்த முடியும். காலனிக்கு அந்த ரகசியம் இருக்கிறதா? சீட்டு இருந்த காலத்தில் பல பூத்துச் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க இயந்திரம் வந்தது. இப்போது ஒவ்வொரு பூத்துக்கும் தனிக்கணக்கு. படிவம் 20-ஐ எடுத்தால் எந்த பூத்தில் யாருக்கு எத்தனை என்று அச்சாகியே இருக்கும். காலனிக்குத் தனி பூத் என்றால் அப்புறம் ரகசியம் எங்கே? 14 இயந்திரங்களை ஒன்றாகச் சேர்த்து எண்ணும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது. 2015-ல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. எந்தச் சேரி யாருக்குப் போட்டது என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை 1999-ல் சிதம்பரம் தொகுதியில் பார்த்தோம். திருமாவளவன் நின்ற தேர்தல் அது. குடிசைகள் எரிந்தன.

லஞ்சத்தை நான் நியாயப்படுத்தவில்லை. 2024 ஜூலை 1-ல் வந்த புதிய குற்றவியல் சட்டத்திலும் கொடுப்பவன், வாங்குபவன் இருவருக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. ஆனால் டீக்கடையில் தண்டனை ஒருத்தனுக்குத்தான்.

ஓட்டு எண்ணி முடித்த வாரம் எங்கள் தெரு ஆயா ஒருத்தி வந்தாள். எந்தக் கட்சி என்று நான் எழுதப்போவதில்லை, ஒரு கட்சியின் ஆள் வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்: "கவரு வாங்கினீங்களே, உங்க பொட்டியில எங்களுக்கு ஏன் கொறையுது?"

"நான் எதுல குத்துனேன்னு அவனுக்கு எப்பிடிப்பா தெரியும்?" என்று ஆயா என்னைக் கேட்டாள். நான் படிவம் 20-ஐ எடுத்து எங்கள் பூத் இருந்த வரியைக் காட்டினேன்.