வெட்டி எறிந்த பிறகு

"கட்டியைத்தான் வெட்டி எறிந்தாயிற்றே, ஸார்! இன்னும் எதற்கு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ரத்தம் எடுக்கிறார்கள்?" என்று கேட்டார், பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட நண்பர்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் இனிமேல் ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை என்று அவர் தீர்மானித்துவிட்டாரே, அதுதான் நியாயமில்லை!

கண்ணுக்குத் தெரிகிற கட்டியைத்தான் கத்தி எடுக்கும். அதற்கு முன்பே சில செல்கள் ரத்தத்தோடு புறப்பட்டுப் போயிருந்தால்? குடலின் ரத்தம் நேரே கல்லீரலுக்குப் போகிறது. ஆகையால் பெருங்குடல் புற்று பரவினால் பெரும்பாலும் அகப்பட்டுக்கொள்வது கல்லீரல், அடுத்தபடி நுரையீரல்.

மண்ணீரல் விஷயம் வேறு. அதற்கும் ரத்தம் தாராளமாகத்தான் வருகிறது. ஆனாலும் புற்று அங்கே குடியேறுவது அபூர்வம். 1889-ல் ஸ்டீபன் பாஜெட் என்ற ஆங்கிலேய டாக்டர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் விவரங்களை ஆராய்ந்தார். 241 பேருக்குக் கல்லீரலில் பரவியிருந்தது. மண்ணீரலிலோ 17 பேருக்குத்தான்! விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் கண்ட முடிவு.

அந்த ஒவ்வாத மண்ணிலும், பெருங்குடல் ஆபரேஷனாகிச் சில வருஷங்கள் கழித்து, ஒற்றை விதை முளைத்துவிடுவதுண்டு. வலி இராது, காய்ச்சல் இராது. ஆசாமி சௌக்கியமாக நடமாடிக்கொண்டிருப்பார். பல சமயம் காட்டிக்கொடுப்பது ரத்தப் பரிசோதனைதான். 1965-ல் கனடாவில் பில் கோல்டு, சாமுவேல் ஃப்ரீட்மன் என்ற இருவர் கண்டுபிடித்த 'ஸி.இ.ஏ.' என்ற பொருள் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போனால், டாக்டர் உஷாராகிறார். புகை பிடிப்பவர்களுக்கும் அது சற்று ஏறியிருக்கும். ஆகவே உடனே பயந்துவிட வேண்டியதில்லை. ஸி.டி. ஸ்கான் எடுத்துப் பார்ப்பார்கள். கட்டி மண்ணீரலில் மட்டும்தான் என்றால், மண்ணீரலையே எடுத்துவிடலாம். அது இல்லாமலும் மனிதன் வாழலாம். தொற்று அண்டாமலிருக்கத் தடுப்பூசிகள் போட்டுக்கொள்ள வேண்டும்.

அபூர்வமோ, சகஜமோ, தேடினால்தானே அகப்படும்! அதற்காகத்தான் ஆபரேஷனுக்குப் பின் 5 வருஷம் வரை டாக்டர்கள் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்றே சொல்வார்கள். அந்த வார்த்தையைக் கேட்கவாவது போகலாமே?

இத்தனையும் நண்பரிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவிதான் குரல் கொடுத்தார்:

"அடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன், அண்ணா. அன்றைக்கு நானே அழைத்துக்கொண்டு போகிறேன்!"